சாவிக் கொத்தைத் தாங்காத கை

அன்று ரயில்வே கேட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஸ்டேரிங்கில் நீ. பக்கத்துச் சீட்டில் உன் அண்ணன். பின்சீட்டில் ஒரு ஓரம் உன் பெரியம்மா பொன்னாத்தாள், இன்னொரு ஓரம் பனியன் கம்பெனி சென்னியப்பன், நடுவில் நான். வெளியே, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற கேட்காரர் ரங்கன். பின்னால் நின்ற பஸ் கண்டக்டர் அவரைப் பெயர் சொல்லித் திட்டியதால் பெயர் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து காரைத் தள்ளியவர்களின் பெயர் தெரியாது. முகம் தெரியும். ஒருவர் காதில் கடுக்கன் போட்டிருந்தார். மெக்கானிக் மயில்சாமி அன்று அங்கே இல்லை. ஆனால் இத்தனை வருடமும் நான் அதிகம் திட்டியது அவரைத்தான்.

அம்மிணி, நீ போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிவிட்டது. இப்போது எதற்கு இவள் எழுத்துக் கூட்டி எழுதுகிறாள் என்று நினைப்பாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதை நீதான் பொறுமையாகப் படிப்பாய். மற்றவர்கள் பிழை பார்ப்பார்கள்.

போன வாரம் ராயபுரத்து வீட்டில், பின்னால் ஷெட்டில் கிடந்த வெள்ளை அம்பாசிடரின் தார்ப்பாயை உருவினார்கள். என் மகள் வயிற்றுப் பேரன் பிரவீனுக்குக் கல்யாணம். பழைய காரில் சாய்ந்து நின்று போட்டோ எடுப்பதுதான் இப்போது வழக்கமாம். காரைச் சரிபார்க்க வந்த ஒரு மெக்கானிக் முன்கதவைத் திறந்தார். பெட்ரோலும் பழைய ரெக்சினும் வெயிலில் வெந்த ரப்பரும் கலந்த அந்த வாடை வெளியே வந்தது. நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வாடை உன்னுடையது. நீ காரை ஓட்டிவிட்டு அடுப்படிக்கு வரும்போது உன் சேலையில் அதுதான் அடிக்கும். அதற்குப் பிறகு உன் அண்ணன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் உன் வீட்டுக்காரர். அவர் போன பிறகு நீ பிறந்த வீட்டுக்கே வந்தாய். மொபெட்டிலிருந்து விழுந்து உன் அண்ணனுக்கு முழங்கால் மடங்காமல் போயிருந்த சமயம். கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் கார் உன் கைக்கு வந்தது. கார்தான் வந்தது. சாவி வரவில்லை. கார்ச் சாவியை அவர் தன் கொத்திலேயே மாட்டியிருந்தார். எங்கள் கம்பெனி கேட், குடோன், கட்டிங் ரூம், வீட்டு பீரோ, அரிசி வைக்கும் அறை, குலசாமி கோயில் என்று அவருக்குச் சொந்தமான பூட்டு எல்லாவற்றின் சாவியும் அதில் தொங்கும். நடுவில் பித்தளையில் ஒரு வேல். கோயில் சாவி மட்டும் என் கட்டை விரலைவிடப் பருமன். அவர் வந்து உட்கார்ந்து, தன் கையால் சாவியைச் செருகினால்தான் கார் கிளம்பும். நீ ஓட்டி முடித்ததும் தன் கையாலேயே உருவிக்கொள்வார். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. பீரோச் சாவி வேண்டுமென்றால் நானும் அவரிடம் போய்த்தான் நிற்பேன்.

அப்போதுதான் கார் நிற்க ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், பொசுக்கென்று நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் கிளம்பும். வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோலில் தூசி என்றார்கள், டேங்கைக் கழுவினோம். பம்ப் சூடாகிறது என்றார்கள், ஈரத்துணி சுற்றினோம். மயில்சாமி ப்ளக்கை மாற்றினார், பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினார். ப்ளக் வயரை உருவி இஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நீலமாகப் பொறி தெறித்தது. "கரண்டு நல்லாத்தானுங்க வருது" என்று தலையைச் சொறிந்தார். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: பெண்பிள்ளை ஓட்டுகிறாள், அதனால் நிற்கிறது.

நீ கவனித்தாய். ஒரு மத்தியானம் நான் வாசலில் மிளகாய் காயவைக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதானே கூப்பிடுவாய்.

"நங்கையா, பெட்ரோல் வராம நின்னா வண்டி இருமும். ரெண்டு குதி குதிச்சுட்டு நிக்கும். இது அப்படியில்ல. லைட்ட அணைச்சாப்புல நிக்குது."

"அதனால?"

"இஞ்சின் நின்னு, சாவி போட்டது போட்டபடி இருந்தா, முன்னால ஒரு சிவப்பு லைட்டு எரியோணும். எரியறதில்ல. அப்ப கரண்டு அந்த எடத்துக்கே வரலைன்னு அர்த்தம். சாவி செருகற எடத்துலயே அந்து போகுது."

"நீ என்னமோ சொல்ற. எனக்கு மொளகா காஞ்சாச் சரி."

என் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். உன் அண்ணன் கொத்தைக் காரிலேயே விட்டுவிட்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நீ இஞ்சினை ஓடவிட்டாய். கொத்தை விரலால் கீழே ஒரு இழுப்பு இழுத்தாய். கார் நின்றது. மறுபடி கிளப்பினாய். கொத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாய். நிற்கவே இல்லை. தாங்கிய கையை எடுத்துக் கொத்தை ஆட்டினாய். நின்றது. "இந்தக் கனம் இழுத்து இழுத்து உள்ள சுவிட்சு தேஞ்சு போச்சுங்க நங்கையா. ஊட்டுப் பூட்டெல்லாம் சேந்து காரப் பூட்டுது" என்று சிரித்தாய். உன் அண்ணனிடமும் சொன்னாய். "என்ற கொத்தக் கழட்டச் சொல்றதுக்கு உனக்கென்ன யோக்கிதை" என்று கேட்டார். அதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் சென்னியப்பனின் பேச்சும் வந்தது. பொங்கலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகளை அவர் கம்பெனிக்கு ஏற்றி வரும் வேன். அதை ஓட்டியவன் கண்ணாடியில் பிள்ளைகளையே பார்க்கிறான் என்று புகார். பெண் ஓட்டினால் தேவலை என்று சென்னியப்பன் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அரை மனசு. உன்னிடம் கேட்டார், ஓட்டுவதை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நீ என்னிடம் மட்டும் சொன்னாய்: "இந்த வேலை அமைஞ்சா பல்லடத்துல ஒரு ரூம்பு புடிச்சுப் போயிருவேனுங்க நங்கையா. என் கதவ நானே தெறந்து நானே சாத்திக்குவேன்." அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் நான் ஒரு வாரம் பொங்கலூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது காருக்குச் சரியாகிவிட்டது என்றார்கள். "காயில் போயிருந்துச்சு, மாத்தியாச்சு. வாரமா ஒருக்காக் கூட நிக்கல" என்றார் உன் அண்ணன். அவர் முன்னாலேயே நீயும் "ஆமாங்க நங்கையா, நிக்கறதில்ல" என்றாய். சாவிக் கொத்து என்று நீ சொன்னது தப்புக் கணக்கு போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாள் கணியூரில் ஒரு காதுகுத்து. சென்னியப்பனும் கூடவே வருவதாகச் சொன்னார். ஓட்டுவதைப் பார்க்கத்தான்.

மடத்துக்குளம் தாண்டும்வரை நீ ஓட்டியதில் மடியில் வைத்திருந்த தேங்காய்ப்பழத் தட்டு அசையவில்லை. சென்னியப்பன்கூட "நம்ம டிரைவரவிட நைசா ஓட்டறீங்க அம்மிணி" என்றார். எனக்குப் பெருமை. அப்புறம் அந்த ரயில்வே கேட்.

கேட் திறந்துதான் இருந்தது. மெதுவாக ஏற்றினாய். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. கொத்து துள்ளியது. கார் நின்றது. இருமவில்லை, குதிக்கவில்லை. நீ கிளப்பினாய், அரை அடி நகர்ந்து மறுபடி நின்றது. இடது கையால் கொத்தைத் தூக்கிப் பிடித்தாய், இஞ்சின் உறுமியது. கியர் போட அந்தக் கையை எடுத்தாய், செத்தது.

"அண்ணா, கொத்தக் கையில தாங்கிப் புடிச்சுக்குங்க. அது போதும். தாண்டிருவேன்."

அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கேக்குதுங்களா? கனம் இழுக்காம இருந்தாப் போதும்."

"ஆளுக முன்னால எனக்கு ஏவல் போடறயா?"

நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டினேன். என் விரல் அந்தப் பித்தளை வேலைத் தொட்டுவிட்டது அம்மிணி. உன் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். வளையல் உடைந்தது. "கைய எடு. குறுக்க உழுகாத."

ரங்கன் ஓடி வந்தார். "ஏனுங்க, வண்டி வர்ற நேரமுங்க! எறங்குங்க! எல்லாம் எறங்குங்க!"

பொன்னாத்தாள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே முதலில் இறங்கினாள். சென்னியப்பன் இறங்கினார். உன் அண்ணன் நொண்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கிவிட்டேன். நீ மட்டும் இறங்கவில்லை. தள்ளும்போது ஸ்டேரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று உள்ளேயே இருந்தாய். பஸ்ஸிலிருந்து வந்தவர்கள் தள்ளினார்கள். கார் அந்தப் பக்கம் போய் வேப்பமரத்தடியில் நின்ற பிறகு ஒரு கூட்ஸ் வண்டி, எந்த அவசரமும் இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது.

அது போன சத்தம் அடங்கியதும் பொன்னாத்தாள்தான் ஆரம்பித்தாள். "ஊசியில நூல் கோக்கற கையி. அதுல சக்கரத்தக் குடுத்தாத் தண்டவாளத்துலதான் கொண்டாந்து நிறுத்தும்!" பஸ்காரர்கள் சிரித்தார்கள். பயந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. உன் அண்ணன் கார்க் கண்ணாடி வழியே கையை விட்டுச் சாவியை உருவினார். "போதும். எறங்கு" என்றார். சென்னியப்பன் மரியாதையாகத்தான் பேசினார்: "மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி. வண்டி நெறையாப் புள்ளைகள வெச்சுட்டு இப்படி நின்னுதுன்னா நானென்ன பண்றதுங்க? நம்ம கம்பெனில செக்கிங்ல எடம் இருக்குது, வாங்க."

அதே பஸ்ஸில் ஏறிக் காதுகுத்துக்குப் போனோம். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ரொம்ப நேரம் கழித்து, "வண்டிய நான் நிறுத்தலீங்க நங்கையா" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "சரி உடு அம்மிணி. பயந்துட்டே. யாருக்குத்தான் பயமில்ல" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டு. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அதற்கப்புறம் நீ ஸ்டேரிங்கைத் தொடவில்லை. சென்னியப்பன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று, பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்த்தாய். காலையில் நீ நடந்து போகும்போது அந்த வேன் உன்னைத் தாண்டிப் போகும். பல்லடத்து ரூம் பேச்சு மறுபடி வரவே இல்லை. எங்கள் பின்கட்டு அறையிலேயே இருந்தாய். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் கிடையாது.

வீட்டில் விசேஷம் என்றால் அந்தக் கதை வந்துவிடும். தண்டவாளத்தில் கார் நிறுத்திய கதை. புது மாப்பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார் உன் அண்ணன். ஒருதரம், எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். நீ சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றாய். என்னைப் பார்த்தாய். அடுத்த இலைக்கு நகர்ந்தாய்.

நான் மறக்கிற ஜாதி இல்லை என்று உனக்குத் தெரியும். பொன்னாத்தாள் முதலில் சிரித்தாள் என்று அவளோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எழவுக்குப் போனேன், அழவில்லை. சென்னியப்பன் வீட்டு விசேஷத்தில் கை நனைக்கவில்லை. மயில்சாமியை ஜென்ம விரோதி ஆக்கிக்கொண்டேன். "பழைய காயிலப் புதுசுன்னு தலையில கட்டிட்டான்" என்று உன் அண்ணன் சொன்னார். கேட்டில் நீ கொத்தைத் தூக்கிப் பிடித்ததைக் கண்ணால் பார்த்தும் நான் நம்பினேன். மயில்சாமி தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது வெயில் கொளுத்தியது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். வந்த மெக்கானிக் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை பழைய வண்டியில சாவி சுவிட்ச் மட்டும் எப்பவோ மாத்தியிருக்காங்களே" என்றார். உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"அது பெரிய கதையப்பா. என்ற கொத்து கனத்துக்கு அது தேஞ்சு போச்சு. மயில்சாமி அன்னைக்கே கண்டுபுடிச்சுச் சொன்னான். கொத்தக் கழட்டி இடுப்புல சொருகிட்டேன். ஒரு வாரம் வண்டி குதிரையாட்டப் போச்சு."

"அப்பறம் ஏனுங்க அப்புச்சி தண்டவாளத்துல நின்னுச்சு?" என்றான் பிரவீன். கதை அவனுக்கும் தெரியுமே.

"அன்னைக்குக் காத்தால கொத்த மறுக்கா மாட்டி உட்டேன்ல!" தொடையைத் தட்டினார். "சென்னியப்பன் பின்னால உக்காந்து பாக்கறான். நல்லா ஓட்டுச்சுன்னா வேனக் குடுத்துருவான். நம்மூட்டுப் புள்ள ஊரூராப் போயி வேன் ஓட்டறதா? வாயில வேண்டாம்னாக் கேக்கற ஆளா அது? அதான் காரையே சொல்ல வெச்சேன். எங்காச்சும் பள்ளத்துல நிக்கும்னு பாத்தா, தண்டவாளத்துல போயி நின்னு தொலைச்சுது."

"அப்புச்சி, நீங்க பயங்கரமான ஆளுங்க" என்று சிரித்தார்கள். எல்லோரும். காப்பியை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை அம்மிணி. வெட்கம்தான் வந்தது. உடம்பு முழுக்க. இத்தனை பேர் மேல் வன்மம் வளர்த்தேனே, ஒருவர்கூட அதற்கு உரியவர் இல்லை. உரியவருக்கு நான் தினமும் வெந்நீர் வைத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று காலை நீ சீட்டில் உட்கார்ந்ததும் கொத்தைப் பார்த்தாய், பிறகு உன் அண்ணன் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு அப்படியே இருக்கிறது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், அண்ணனிடம் ஆசி கேட்கிறாள் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. அந்நிய ஆள் காரில் இருக்கும்போது அண்ணனை எதிர்த்துக் கேட்காத பழக்கத்தில் நாம் வளர்க்கப்பட்டோம். அதனால் கண்ணால் கேட்டாய். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். நினைவு வைத்திருந்தேன், புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் மயில்சாமியைத் தேடிப் போனேன். பட்டறையை அவர் மகன் பார்க்கிறான். அவர் வாசலில், எந்தக் காரிலிருந்தோ கழற்றிய சீட்டில் சாய்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது.

"யாருங்க அது?"

"நாந்தானுங்க. ராயபுரம். அம்பாசிடர் ஊடு."

"அட! பத்திரிக்கை வெக்க வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத ஊடுங்களா?"

"அந்த ஊடேதானுங்க."

"இப்ப எதுக்குங்கக்கா இவ்வளவு தூரம்?"

"தண்ணி குடுக்கத்தான்" என்று பையில் இருந்த பாட்டிலை நீட்டினேன். மனுஷன் வாங்கி, அண்ணாந்து குடித்து, "பஸ்ஸுல சூடாயிருச்சாட்ட இருக்குது" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

அவர்தான் மீதியைச் சொன்னார். "காயில் மாத்தவே இல்லீங்கக்கா. கொத்தக் கழட்டுங்கன்னேன், அவ்வளவுதான். கணியூர்லருந்து வந்த மறுநாள் அந்தம்மிணி தனியா வந்துச்சு. மறுக்கா மாட்டுனா நிக்குமான்னு கேட்டுச்சு. நிக்கத்தானுங்க செய்யும்னேன். செரீங்க, யாருகிட்டயும் சொல்லீராதீங்க, அண்ணனுக்கு அசிங்கம்னுட்டுப் போயிருச்சு."

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு, தெரிந்தே சாம்பார் ஊற்றியிருக்கிறாய். நான் சிரித்த அன்றும்.

என்னிடம் மிஞ்சியிருப்பது பஸ்ஸில் நீ சொன்ன அந்த ஒரு வரி. நீ சொன்னபோது நான் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இனி அந்தக் கதையை யாராவது எடுத்தால் நான் எழுந்து நின்று சொல்கிறேன்: வண்டியை அவள் நிறுத்தவில்லை. கல்யாணப் பந்தலாக இருந்தாலும் சொல்வேன்.

பொன்னாத்தாளை விட்டுவிட்டேன். அவள் பார்த்ததை வைத்துப் பேசினாள். சென்னியப்பனையும் விட்டுவிட்டேன். மயில்சாமிதான் என்னை விட வேண்டும், விட்டுவிட்டார். என் கணக்கை நீதான் தீர்க்க வேண்டும், உன்னைக் கேட்க வழியில்லை. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். தாலி ஏறியதிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நம் பக்கத்தில் பெண்கள் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வேன். இன்று எழுதுகிறேன், என் கையால், பிழையில்லாமல்.

நாச்சிமுத்து.